பாடுவது மீனா, ஊரியா? வாவி சொல்லும் ஒரு வரலாறு

போன தவணையில் ஒன்பதாம் தரப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "சேர், கல்லடிப் பாலத்துக்குக் கீழ பாடுறது மீனா, ஊரியா?" வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல முடியவில்லை.

மட்டக்களப்பு என்றாலே 'பாடும் மீன்கள் நாடு' என்கிறோம். பெயர்ப்பலகையிலும், கழகச் சின்னங்களிலும், கல்யாண அழைப்பிதழிலும்கூட மீன் பாடுகிறது. எந்த மீன் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை. ஏன் இந்தக் கேள்விக்கு இவ்வளவு காலமாகப் பதில் வரவில்லை என்று தேடிப் பார்த்தோம். அந்தத் தேடல் எங்களை டெனன்ட் துரையில் தொடங்கி, மடகஸ்கார் மீன் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

*1848: ஒரு நிலாக்கால இரவு*

சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவிக்குள்ளிருந்து இசை கேட்கிறது என்ற கதை அவர் காதுக்கும் எட்டியது. நிலா வெளிச்சத்தில் தோணியில் போய்ப் பார்த்தார். கேட்டது உண்மைதான். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய ஒலி போல, ஒன்றல்ல, பல சின்னஞ்சிறு ஒலிகள் தண்ணீருக்கடியிலிருந்து வந்தன என்று எழுதியிருக்கிறார். தோணியின் மரத்தில் காதை வைத்தால் சத்தம் கூடியதாம். ஓரிடத்தில் கேட்டதாம், சற்றுத் தள்ளினால் இல்லையாம்.

நம் மீனவர்களிடம் இது என்னவென்று விசாரித்தார். அவர்கள் 'மீன்' என்று சொல்லவில்லை. 'ஊரி' என்றார்கள். 'ஊரி குளிறு' என்று தொடங்கும் ஒரு தமிழ்ப் பெயரை அவர் தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதி, அதற்கு 'அழும் சிப்பி' என்று பொருளும் கொடுத்தார். மீனவர்கள் கொண்டுவந்து காட்டிய ஊரிகளில் ஒன்றின் விஞ்ஞானப் பெயரை 'செரித்தியம் பலுஸ்த்ரே' என்று குறித்துக்கொண்டார்.

இதையெல்லாம் அவர் 'சிலோன்' என்ற நூலில் 1859இல் வெளியிட்டார். டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலை வெளியிட்டதும் அதே வருடம்தான். இன்னொரு தொடர்பும் உண்டு. ஊரி சத்தமிடுமா என்ற சந்தேகத்துக்குத் துணையாக, கண்ணாடிச் சாடிக்குள் இருந்த ஓடில்லாத கடல் நத்தையொன்று சத்தமிட்டதாக டொக்டர் கிராண்ட் சொன்னதை டெனன்ட் எடுத்துக்காட்டுகிறார். எடின்பரோவில் இளம் டார்வினுக்குக் கடல் உயிர்களைப் பார்க்கப் பழக்கியவர் இந்த ரொபர்ட் கிராண்ட்தான்.

டெனன்டின் பதிவில் என்னென்ன இருக்கின்றன? இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, ஒலியின் விவரிப்பு இருக்கிறது, ஊர்ப்பெயர் இருக்கிறது, ஊரியின் மாதிரியும் இருக்கிறது. இரண்டு விடயங்கள் இல்லை. அந்த ஊரிதான் அந்தச் சத்தத்தைப் போட்டது என்று கண்ணால் கண்ட சாட்சி இல்லை. அதைச் சொன்ன நம் மீனவர்களின் பெயர்களும் இல்லை.

*ஒலி ஓரிடம், உயிர் ஓரிடம்*

அதன் பிறகு ஒரு நூற்றாண்டு கழிந்து, மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் வாவியின் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் போனது. மூத்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். இப்போது ஒலி கிடைத்துவிட்டது. ஆனால் ஒலிக்குரிய உயிரைப் பிடித்து, 'இதோ இதுதான்' என்று யாரும் மேசையில் வைக்கவில்லை.

டெனன்டிடம் உயிர் இருந்தது, ஒலிப்பதிவு இல்லை. அடிகளாரிடம் ஒலிப்பதிவு இருந்தது, உயிர் இல்லை. நம் மீனவர்களிடம் இடமும் பருவமும் தெரிந்த அறிவு இருந்தது, அதை எழுதிவைக்க யாரும் இல்லை. மூன்றும் ஒரே வாவியைப் பற்றியவை. மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் ஒரு பதில் இன்றுவரை கிடைக்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறோம்.

*எங்கள் கொப்பிக்கு நடந்த கதி*

டெனன்டைக் குறை சொல்லுமுன் எங்கள் குறையையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முதல், பிள்ளைகளை வைத்து வாவி மீன்களுக்கு ஒரு கொப்பி தொடங்கினோம். ஆற்றங்கரைக்குப் போய், தோணி கரைக்கு வந்ததும் என்ன மீன் பட்டது என்று கேட்டு எழுதுவது. பிள்ளைகள் நல்ல சந்தோசமாகச் செய்தார்கள். படுவான்கரையில் படிப்பிக்கும், பயிற்சிக் கலாசாலையில் எங்களோடு ஒன்றாகப் படித்த தமிழ் நண்பர் ஒருவரும் தன் பிள்ளைகளோடு அதையே செய்தார். ஒரு வருடம் முடிந்ததும் இரண்டு கொப்பியையும் சேர்த்து வாவி முழுவதற்கும் ஒரு படம் போடலாம் என்று உட்கார்ந்தோம்.

சேர்க்க முடியவில்லை.

நாங்கள் 'ஆறு' என்று எழுதியிருந்தோம், அவர்கள் 'வாவி' என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒரே தண்ணீர். நாங்கள் மீனை எண்ணியிருந்தோம், அவர்கள் கிலோவில் எழுதியிருந்தார்கள். எங்கள் கொப்பியில் 'திலாப்பியா', அவர்களுடையதில் 'யப்பான் மீன்'. கூட்டிப் பார்த்தபோது ஒரு மீன் இரண்டாகிவிட்டது. எல்லாவற்றிலும் மோசம், எங்கள் கொப்பியில் பல பக்கங்களில் திகதியே இல்லை. 'செல்வன் – 10' என்று இருக்கிறது. எந்தத் துறையில்? எந்த மாதம்? மாரிக்கு முன்னா பின்னா? பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அது எங்கள் பிழை.

ஒரு வருட உழைப்பு. ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனாலும் இரண்டு கொப்பியும் ஒன்றோடொன்று பேசவில்லை. நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மச்சான், நம்மட ரெண்டு பேருக்கே இப்படியெண்டா, நூறு நாட்டு விஞ்ஞானி எப்படிச் சேர்றான்?" அந்தக் கேள்விதான் இந்தப் பதிவின் மறுபாதி.

*பெயர் ஏமாற்றும்*

முதல் சிக்கல் பெயர். யப்பான் மீன் யப்பானிலிருந்து வந்ததல்ல. அதன் சொந்த ஊர் ஆபிரிக்காவின் மொசாம்பிக் பக்கம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் அதை 'ஜிலேபிக் கெண்டை' என்பார்கள்.

நம் செல்வனை எடுங்கள். சிங்களத்தில் 'கொரலியா'. கேரளத்தில் 'கரிமீன்', 2010இல் அந்த மாநிலத்தின் மீனாகவே அறிவித்துவிட்டார்கள். விஞ்ஞானிகளும் சளைத்தவர்கள் இல்லை. 1790இல் பெர்லினைச் சேர்ந்த மார்க்குஸ் ப்ளொக் என்ற டொக்டர் இதற்கு 'சூரத்தென்சிஸ்' என்று பெயர் வைத்தார், குஜராத்தின் சூரத் நகரத்து மீன் என்று. அவர் அதைச் சேர்த்த பேரினம் வேறு, இன்று அது இருக்கும் பேரினம் 'எட்ரோப்ளஸ்'. டெனன்டின் ஊரிக்கும் இதே கதிதான். அவர் 'செரித்தியம்' என்று எழுதியது இன்று 'டெரெப்ராலியா பலுஸ்த்ரிஸ்'.

பழைய நூலில் ஒரு பெயர், புதிய ஆய்வில் இன்னொரு பெயர், மீனவர் வாயில் மூன்றாம் பெயர். இவை ஒன்றுதான் என்று எங்காவது எழுதிவைக்காவிட்டால், ஓர் உயிர் மூன்று உயிராகும். அதற்காகவே கடல் உயிரினங்களின் பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் ஒன்றோடொன்று கட்டிவைக்கும் 'வோர்ம்ஸ்' என்ற உலகப் பதிவேட்டைப் பெல்ஜியத்தில் ஒரு கடல் ஆய்வு நிறுவனம் பராமரிக்கிறது. பல நாட்டு நிபுணர்கள் தத்தமக்குத் தெரிந்த கூட்டத்தைப் பார்த்துத் திருத்துகிறார்கள். 1848இன் ஊரியை இன்றைய ஊரியோடு சேர்ப்பது இப்படியான பதிவேடுகள்தான்.

*செல்வனின் சொந்தக்காரர் மடகஸ்காரில்*

பெயர் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? செல்வனின் கதையே நல்ல உதாரணம்.

செல்வன் 'சிக்லிட்' என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. யப்பான் மீனும் அதே குடும்பம்தான். அப்படியென்றால் இவை இரண்டும் நெருங்கிய சொந்தமா? பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் டீ.என்.ஏ. வேறு கதை சொல்கிறது. செல்வனுக்கு மிக நெருங்கியவை, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அதன் ஓரிரு தம்பிமாரை விட்டால், இந்து சமுத்திரத்துக்கு அப்பால் மடகஸ்காரில் வாழும் 'பரெட்ரோப்ளஸ்' மீன்கள்.

இதை ஒரு தனி ஆய்வுகூடம் மட்டும் காண்பது எளிதல்ல. மடகஸ்கார் ஆற்றில் மீன் பிடித்தவர் ஒருவர், தென்னாசியாவில் பிடித்தவர் இன்னொருவர். அவரவர் வாசித்த டீ.என்.ஏ. எழுத்துக்களைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தால், மூன்றாமவரும் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க முடியும். அமெரிக்காவின் 'ஜென்பாங்க்' 1982இல் தொடங்கியது. ஐரோப்பாவின் களஞ்சியமும் யப்பானின் களஞ்சியமும் அதோடு சேர்ந்து, மூன்றும் நாள்தோறும் தகவலைப் பரிமாறிக்கொள்கின்றன. ஓரிடத்தில் வைத்தால் மூன்றிடத்திலும் இருக்கும்.

சரி, செல்வனும் மடகஸ்கார் மீனும் எப்படிப் பிரிந்தன? இந்தியாவும் மடகஸ்காரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தன. நிலம் பிரிந்தபோது மீனும் பிரிந்தது என்பது ஒரு கட்சி. 2013இல் ஒக்ஸ்போர்டில் இருந்த மட் ஃப்ரீட்மனும் அவரது குழுவினரும் புதைபடிவத் தகவலையும் டீ.என்.ஏ. தகவலையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சிக்லிட் குடும்பமே 6.5 கோடி முதல் 5.7 கோடி ஆண்டுக்கு முன்தான் தோன்றியது என்று வந்தது. அப்படியானால் நிலம் பிரிந்து வெகு காலத்துக்குப் பிறகு, இந்த மீன்களின் மூதாதையர் உப்புத் தண்ணீரைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். வேறு சில குழுக்கள் இன்னும் பழைய காலத்தைச் சொல்கின்றன. வாதம் முடியவில்லை. ஆனால் இரு கட்சியும் ஒரே களஞ்சியத்தை வைத்துத்தான் வாதாடுகின்றன. அதனால் யார் எங்கே பிழைவிட்டார் என்று மற்றவர் பார்க்க முடிகிறது.

மாரியில் நன்னீரிலும் கோடையில் சவர்த் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் செல்வனை நாம் தினமும் பார்க்கிறோம். அது கடல் கடந்த கதையை நம்புவது நமக்கு அவ்வளவு கஷ்டமில்லை!

('கூர்ப்பு' என்ற சொல்லைக் கண்டதும் சிலர் பின்னூட்டத்தில் விவாதம் தொடங்குவீர்கள் என்று தெரியும். அந்த விவாதத்துக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளின் உயர்தர உயிரியல் பாடத்தில் இது இருக்கிறது. எப்படி இதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துவைப்பது நல்லது.)

*நம் நாட்டுத் தவளைகள்*

'இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை' என்று நினைக்க வேண்டாம். இலங்கையிலேயே பெரிய உதாரணம் உண்டு. ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆரச்சி, மாதவ மீகஸ்கும்புர முதலியோர் நாட்டின் மழைக்காடுகளில் ஆண்டுக்கணக்காகத் தவளை தேடினார்கள். தேடியது இங்கே. டீ.என்.ஏ. வேலை பிரசல்ஸிலும் பொஸ்டனிலும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய மாதிரிகள் வெளிநாட்டு நூதனசாலைகளில். நூறு வருடத்துக்கு முந்திய போத்தல்களையும், புதிய கள ஆய்வையும், ஆய்வுகூட முடிவையும் ஒன்றாக வைத்தபோது, 2002இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த செய்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது: அதுவரை அறியப்படாத நூறுக்கும் மேற்பட்ட மரத்தவளை இனங்கள் இந்தச் சின்னத் தீவில் இருக்கின்றன.

அதே ஒப்பீடு இன்னொரு கசப்பையும் காட்டியது. போத்தலுக்குள் இருக்கும் சில தவளைகள் இன்று காட்டில் இல்லை. அந்தப் போத்தலில் ஒட்டிய துண்டு இல்லாவிட்டால், இழந்துவிட்டோம் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது. மறுபக்கம், 1853இல் டொக்டர் கெலார்ட் விவரித்த ஒரு தவளை, அழிந்துவிட்டதென்று நினைத்திருக்க, 2009இல் சிவனொளிபாதமலைப் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அவர் எழுதிவைத்ததால்தான் 'இது அதுவே' என்று சொல்ல முடிந்தது.

*மீன்களின் சத்தத்துக்கு ஒரு மரம்*

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம்.

2022இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரோன் ரைஸும் அவரது குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். உலக மீன்களின் வம்ச மரத்தை எடுத்து, எந்தெந்தக் கிளையில் சத்தமிடும் மீன் இருக்கிறது என்று குறித்தார்கள். இதற்கு மூன்று வகைத் தகவலைச் சேர்த்தார்கள். ஒன்று, ஒலிப்பதிவுகளும் அவற்றைப் பற்றிய ஆய்வுகளும். இரண்டு, சத்தமிடத் தேவையான எலும்பு, தசை, காற்றுப்பை உண்டா என்ற உடலமைப்புத் தகவல். மூன்றாவதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி வருமுன், 19ஆம் நூற்றாண்டு நூல்களில் எழுதப்பட்ட குறிப்புகள்.

விளைவு? மீன்களில் சத்தமிடும் திறன் ஒரு தடவை அல்ல, குறைந்தது 33 தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பழைய கிளையில் அது ஏறத்தாழ 15 கோடியே 50 இலட்சம் ஆண்டு பழைமையானது. கெளிறு மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது 'கர்ர்' என்று சத்தம் போடுவது நம் பிள்ளைகளுக்கே தெரியும். அதுவும் இந்த மரத்தில் ஓர் இலைதான்.

ஆக, மீன் பாடுவது நடக்காத விடயம் அல்ல. நம் வாவியில் பாடுவது எந்த மீன், அல்லது ஊரிதானா என்பதைச் சொல்லத் தேவையான துண்டுகள்தான் ஒன்றுசேரவில்லை. ஒரே இரவு, ஒரே இடம், தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி, பக்கத்தில் பிடித்த உயிர், அதன் சரியான பெயர், அந்த இடத்தைக் காட்டித் தந்த மீனவரின் பெயர். இந்த ஆறும் ஒரு தாளில் வந்தால் நம் பிள்ளையின் கேள்விக்குப் பதில் எழுதத் தொடங்கலாம்.

*நம் பங்கு*

யுத்த காலத்தில் இரவில் தோணி தள்ள முடியாத வருடங்கள் இருந்தன. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கொண்டுபோன கொப்பிகளும் கடிதங்களும் எத்தனையோ. மிஞ்சியிருப்பது மூத்தவர்களின் நினைவு மட்டும். வாவியின் எந்த மடுவில் எந்த மாதம் என்ன சத்தம் கேட்கும் என்று சொல்லக்கூடியவர்கள் ஏறாவூரிலும், காத்தான்குடியிலும், ஆரையம்பதியிலும், கல்லாற்றிலும் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும், ஒவ்வொரு மரண வீட்டோடும் அதில் ஒரு பக்கம் போகிறது.

உலகக் களஞ்சியங்கள் திறந்துதான் இருக்கின்றன. கோப்பன்ஹேகனில் செயலகம் வைத்து 2001இல் தொடங்கிய 'ஜீபிஃப்' என்ற அமைப்பு, எந்த உயிர் எங்கே எப்போது காணப்பட்டது என்ற பதிவுகளை உலகமெங்குமிருந்து சேர்க்கிறது. அவர்கள் முதலில் கேட்பது எளிய விடயங்கள்: என்ன உயிர், எந்த இடம், எந்தத் திகதி, யார் கண்டது, எந்த ஆதாரம். எங்கள் கொப்பியில் இல்லாமல் போனது இவைதான்.

அதனால் இந்த வருடம் நாங்களும் படுவான்கரை நண்பரும் ஒரே கொப்பியாகத் தொடங்கியிருக்கிறோம். ஒரே பந்திகள்: ஊர்ப்பெயர், மற்ற ஊர்ப்பெயர், விஞ்ஞானப் பெயர், துறை, திகதி, வலை வகை, எண்ணிக்கை, நிறை, சொன்னவர். 'சொன்னவர்' பந்தியை வெறுமையாக விடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். பெயர் போட விருப்பமா என்று முதலில் அவரிடம் கேட்கவும் சொல்லியிருக்கிறோம். டெனன்ட் விட்ட இடம் அதுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் வாப்பாவோ, மூத்தவாப்பாவோ, அயலில் அண்ணன்மாரோ வாவிக்குப் போனவர்களாக இருந்தால், 'ஊரி குளிறு' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். டெனன்ட் அதற்குப் பின்னால் இன்னொரு சொல்லும் எழுதியிருக்கிறார், ஆங்கில எழுத்தில் 'க்ராடூ' என்பது போல. அது நம் பேச்சில் எந்தச் சொல் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சத்தம் கேட்ட இடம், மாதம், நிலவு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாததை எழுத வேண்டாம், தெரிந்ததைச் சின்னது என்று விடவும் வேண்டாம்.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "எழுதி வை மகன், சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்று மட்டும் சொன்னோம். கொப்பியின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதி, கீழே திகதியும் போட்டுவிட்டான்.